பதினேழாம் நம்பர்

"வீட்லேர்ந்து வேலை பார்க்க மேனேஜர் சரின்னுட்டாரு. சர்வர் சரின்னு சொல்லணுமே!" என்று சிரித்தார் சூரியபிரகாஷ். அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள இந்த வாரம்தான் வந்திருந்தார்.

அங்கே வேலை பார்க்கும் ஜாஸ்மின், மேனேஜர் கொடுத்த கடிதத்தை அவர் மேஜையில் வைத்தாள்.

"வெளியிலேர்ந்து உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் சர்வர்ல ஒரு விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டு வேணும்மா, ஆளுக்கு ஒரு வாசல் மாதிரி. இருபதுக்கு மேல விடாது. இப்ப இருபதும் ஃபுல்."

"நீங்க ஏத்த முடியாதா சார்?"

"அந்த பர்மிஷன் எனக்கு இல்ல. சென்னை ஆபீஸ் தரணும். ஒரு மாசம் ஆகும்."

"அப்பாவால எழுந்திருக்க முடியாது சார். தனியா விட்டுட்டு வர முடியாது. இன்னிக்குக் கனெக்‌ஷன் கிடைக்கலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

அவர் திரையில் இருந்த பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினார்.

"இன்னாம்மா இது! பதினேழாம் நம்பர் ஒரு மாசமா ராப்பகலா ஆன்லயே இருக்கு. ஒரு ஃபைல் கூடத் திறக்கல. யாரோ லேப்டாப்பைத் திறந்து வெச்சிட்டு ஜாலியா தூங்குறாங்க. கட் பண்ணிட்டு உனக்குக் குடுத்துடட்டா?"

ஜாஸ்மின் அந்த எண்ணையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பண்ணிடுங்க சார்."

பதினேழுக்கு எதிரே இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

"நாளைக்கு எங்கிட்ட சண்டைக்கு வரப் போறாங்க, பாரு."

"வர மாட்டாங்க சார். அது எங்க அம்மா. அவங்களும் இந்தக் கம்பெனிதான். நேத்துதான் முப்பதாம் நாள் பூசை வெச்சோம். அந்த லேப்டாப்பை மூடத்தான் அப்பாவுக்கும் எனக்கும் கை வரல."