சிவப்பு வளையம்

இலை சுருங்கும் நோயில் காட்டுச் சந்தன மரங்கள் வரிசையாகப் பட்டுக்கொண்டிருக்க, ஒரு மரம் மட்டும் நோய்க்குப் பிடிகொடுக்காமல் பச்சையாக நின்றது. தமயந்தி அதன் இலையைப் பறித்துப்போய், ஆய்வுக்கூடத்தில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தாள். நோயைத் தடுக்கும் எழுத்துகள் அகப்பட்டுவிட்டன. இனி அதன் விதையிலிருந்து காட்டையே எழுப்பிவிடலாம்.

விதை எடுக்க வந்தால் மரத்தைக் காணோம். அங்கே ஒரு குழி இருந்தது. சந்தனத்துக்கு வேரிலும் விலை உண்டு என்பதால் தூரோடு பறித்திருந்தார்கள். குழி மணத்தது. அந்த மணமே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"பட்ட மரமெல்லாம் அப்படியே நிக்குது. பச்சை மரத்தைப் போய் பறிச்சிருக்கீங்களே, கண்ணு தெரியலையா?"

வெட்டு மேஸ்திரி சடையன் நிதானமாகத் துண்டை உதறினார். "நோய் மரத்துக்கு ஆபீஸ்ல சிவப்பு வளையம் அடிப்பாங்க மேடம். வளையம் இருந்தா எடுத்துடுவோம்."

அந்த மரத்துக்குச் சிவப்பு அடித்தவள் தமயந்திதான். திரும்பி வரும்போது அடையாளம் தப்பிவிடக் கூடாதென்று அடித்திருந்தாள்.

"அதுல ரெண்டு வளையம் இருந்துச்சுங்க," என்றார் சடையன். "ரொம்ப அவசரம்போலன்னு அதைத்தான் மொதல்ல எடுத்தோம்."