ஜெசிந்தாவின் லேன்

தோளில் இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் தேசியப் பதக்கம் வென்ற ஜெசிந்தா, மூன்றாவதற்குப் பிறகு போட்டிகளிலிருந்து விலகினாள். ஆனால் நகரின் பெரிய நீச்சல் குளத்தில், நான்காவது லேனில், அவளது பழைய பந்தயப் பதிவிலிருந்து உருவாக்கிய ஒளியுருவமாக, இருபத்தேழு வயது ஜெசிந்தா இன்னும் நீந்திக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு வரும் பெண்கள் அவளைத் துரத்தி நீந்தினார்கள்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு காலையில் ஜெசிந்தா தனியாக வந்து அந்த லேனில் இறங்கினாள். கரையில் நின்ற பெண் தயக்கத்துடன் குனிந்தாள்.

"ஆன்ட்டி, இது ஜெசிந்தா அக்காவோட லேன். நீங்க ஓரமா போறீங்களா?"

"சரிம்மா."

"அக்காவ நேர்ல பாத்திருக்கீங்களா?"

ஒளியுருவம் ஜெசிந்தாவைக் கடந்து போனது. ஒவ்வொரு வீச்சிலும் அதன் இடது தோள் சற்றே தயங்கியது. அந்த வலி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"பாத்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டு, ஓர லேனுக்குப் போய் மெதுவாக நீந்தத் தொடங்கினாள்.