தூக்கு நாற்காலியின் கழி

மசூரியில் வெள்ளைக்காரர்கள் தங்கிய பெரிய ஓட்டல் இப்போது பழம்பொருள் காட்சியகம். நடனக்கூடத்தின் நடுவே, கயிற்று வேலிக்குள், ஆட்கள் தோளில் சுமந்து ராணிகளை மலையேற்றிய தூக்கு நாற்காலி நிற்கிறது. மூடுபனி வடிகட்டிய வெளிச்சம் அதன் சிவப்பு வெல்வெட் மெத்தையில் மங்கலாகக் கிடக்கிறது. சுமைகூலி ஜபர் சிங் குனிந்து முன்கழியைக் கண்ணாலேயே தடவுகிறான். அவன் அப்பாவின் தோள் வருடக்கணக்கில் உரசி அதில் ஒரு குழி விழுந்திருந்தது. அதைக் காட்டத்தான் மனைவி பிஸ்னாவை அழைத்து வந்திருக்கிறான். கழியோ வழவழவென்று மின்னுகிறது. "எங்கங்க குழி? உங்கப்பாவுக்கு என்ன வெண்ணெய்த் தோளா?" என்கிறாள் பிஸ்னா. கணப்பருகே குளிர்காயும் காவலாளி திரும்பாமலே சொல்கிறான்: "அது புதுக் கழிண்ணே. பழசு உளுத்துப்போச்சு. போன பனிக்கு இந்தக் கணப்புலதான் போட்டோம். நல்லா நின்னு எரிஞ்சுது." பிஸ்னா விடுவதாக இல்லை. "மெத்தையும்தான் கிழிஞ்சு கிடக்கு. அதை ஏன் எரிக்கல?" "அதெப்படிக்கா, ராணி உக்காந்ததாச்சே." கணப்பில் ஒரு கட்டை சடசடக்கிறது. ஜபர் சிங் வேலியை விட்டு விலகி வந்து, இரண்டு கைகளையும் நெருப்பின் பக்கம் நீட்டுகிறான்.