குளோரின் தங்காத குளம்

"நம்ம குளத்துல யாரோ இறங்கறா. எனக்குச் சந்தேகமே இல்லை."

அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாகத் தோட்டத்துக்கு இழுத்து வரப்பட்ட ஸ்ரீகரிடம், சுஷ்மா சோதனைக் குப்பியை நீட்டினாள். தண்ணீரில் குளோரின் இருந்தால், சொட்டு மருந்து விழுந்ததும் குப்பி மஞ்சளாக வேண்டும். நிறம் துளியும் ஏறவில்லை.

"காலம்பரதானே கொட்டினே?"

"பாதி டப்பா கொட்டினேன். சாயங்காலம் பார்த்தா வெறும் குழாய்த் தண்ணி!"

சொல்லிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தாள். முதுகுவலிக்கு நீந்தச் சொன்னார் மருத்துவர். வாலாஜாபாத் சாலையில் கட்டிய புது வீட்டின் பின்புறம் அதற்காகவே நீச்சல் குளமும் வந்தது. முதுகு தேறியது, கழுத்திலும் தோளிலும் சிவந்த தடிப்புகள் கிளம்பின.

தண்ணீரில் அழுக்கு இருக்கிறது என்று அவளுக்குத் தீர்மானம். ஆகவே தினமும் விடிந்ததும் குளோரினை அள்ளிக் கொட்டுவாள். கொட்டிய கையோடு இறங்குவாள்.

ஸ்ரீகர், குளம் அமைத்துக் கொடுத்த சிட்டிபாபுவைக் கைப்பேசியில் பிடித்தான்.

"வெயிலுக்குக் கொஞ்சம் போவும் சார். இப்படித் தொடைச்சி எடுத்தாப்போல போவாது. வேர்வை, எண்ணெய், அழுக்கு, இதுங்கதான் குளோரினைத் தின்னுக்கினே இருக்கும். பகல்ல யாருனா கூட்டமாக் குளிக்கிறாங்களா?"

சுஷ்மா கணவனைப் பார்த்தாள்.

"கேட்டேளா? பகல்ல ஆத்துல இருக்கறது யாரு? வேலைக்கு வர்ற சம்பூர்ணம்தானே? அவ பசங்களுக்கு இப்போ லீவு வேற."

"கண்ணால பார்த்தியா?"

"எறும்பைப் பாருங்கோ, விளிம்போரம் சாரை சாரையா! தின்பண்டத்தோட வந்து கும்மாளம் போட்டிருக்குகள். அதுகள் முங்கின தண்ணில நான் முங்கினா, உடம்பு தடிக்காம என்ன பண்ணும்?"

"பதமாக் கேளு, சுஷ்மா. நல்ல மனுஷி."

மறுநாள் காலையில் கேட்டாள். பதமாக அல்ல.

"சம்பூர்ணம், உன் பசங்களைக் குளத்துல இறக்கறியா?"

துணி உதறிக்கொண்டிருந்தவள் திகைத்துப் போனாள். "அய்யய்யோ, இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க? இந்த வாசப்படியக்கூட அதுங்க மிதிச்சதில்லம்மா."

"அப்போ நீ இறங்கறியா?"

"நானா? எனக்கு நீச்சலே தெரியாதும்மா."

"குளத்தண்டை போறதே இல்லைன்னு சத்தியம் பண்ணு, பார்க்கலாம்."

சம்பூர்ணம் சுஷ்மாவின் முகத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போனேம்மா. எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கலை. நாளையிலேர்ந்து நீ வரவும் வேண்டாம்."

அவள் கெஞ்சவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டு, சுருக்கம் நீவிவிட்டுப் போனாள்.

அந்த மௌனத்தைவிடப் பெரிய சாட்சி சுஷ்மாவுக்குத் தேவைப்படவில்லை. அவள் எண்ணியதற்கு ஏற்றாற்போல, மறுநாள் மாலையே குப்பி பளிச்சென்று மஞ்சளானது.

"பார்த்தேளா! அவ போனா, குளோரின் நின்னுடுத்து!"

நேரில் வந்து பார்த்த சிட்டிபாபு தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னா மேடம், ஊருக்கே போடற மருந்தை ஒரே ஆளா கொட்டியிருக்கீங்க? போட்டதும் எறங்கினா தோலு பிச்சிக்கும். பொழுது போனப்புறம் அளவாப் போடுங்க; காலையில எறங்குங்க."

அப்படியே செய்தாள். தண்ணீர் தெளிந்தது, தடிப்புகளும் இருந்த இடம் தெரியாமல் ஆறின.

சில வாரங்கள் கழித்து, பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் வாசலில் சம்பூர்ணம் எதிர்ப்பட்டாள். சுஷ்மா பார்க்காததுபோல் ஆட்டோவை நோக்கி நடந்தாள். சம்பூர்ணமோ ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! கழுத்து சுத்தமாயிருச்சே! ஒரு புள்ளிகூட இல்லியே!"

"ம்... ஆறிடுத்து."

"ஆறாம எங்க போவும்? தினத்துக்கும் அச்சு வெல்லம் கரைச்சேன்ல!"

"எங்கே கரைச்சே?"

"உங்க குளத்துலதான். தோலுல எது வந்தாலும், குளத்துல வெல்லம் கரைக்கிறேன்னு பெருமாள்கிட்ட வேண்டிக்குவோம்லம்மா? வெல்லம் கரையறாப்போல அதுவும் கரைஞ்சிரும். கோயில் குளத்துக்குத்தான் கேட்டைப் பூட்டி வெச்சிருக்காங்களே. நீங்க முங்குற தண்ணியாச்சேன்னு அங்கியே கரைச்சேன்."

சுஷ்மாவுக்கு இப்போது விளங்கியது. குளோரினைத் தின்றது இவள் கரைத்த வெல்லம். குளோரின் போதவில்லையென்று மேலும் மேலும் தான் கொட்டியதுதான் தன் தோலையே தின்றது. யாருடைய பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில் கால் நனைக்கவில்லை.

"நாளைக்கே வந்துடு, சம்பூர்ணம்."

"பிள்ளையார்பாளையத்துல ஒரு வீட்ல சேந்துட்டேம்மா. நடுவுல உட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் அவ்வளவு பேசினேனே!"

"தோலு ஆறுறதுக்குள்ள வாயத் தொறந்தா வேண்டுதல் பலிக்காதேம்மா. எனக்கு வேற வேல கெடைக்கும். உங்களுக்கு வேற தோலுக்கு நான் எங்க போவேன்?"