மூன்றாவது மை

"கையைத் தொங்கப் போட்டு நேரா நில்லுங்க. மூச்சை அடக்க வேண்டாம்."

கழுத்தில் அளவு நாடாவுடன் அவர் சொல்ல, அவள் கண்ணாடி முன் நின்றாள். ஆனால் தையற்கடை வைத்திருப்பவள் அவள்தான், அவர் மருத்துவர். வருடக்கணக்காகத் தோளை இழுத்த மார்பின் பாரத்தைக் குறைக்க மறுநாள் அறுவை சிகிச்சை.

"கால் கடுக்குது டாக்டர். படுக்க வெச்சு வரையக் கூடாதா?"

"படுத்தா மார்பு பக்கவாட்டுல சரிஞ்சிடும். அப்போ வரைஞ்சா, எழுந்து நிக்கும்போது ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு ஆயிடும்."

"அதுவும் சரிதான். நாங்களும் யாரையும் படுக்க வெச்சு அளவெடுக்கறதில்ல" என்றாள். "கழுத்துக் குழியிலேர்ந்து கோடு எவ்வளவு கீழ?"

"இருபத்திரண்டு சென்டிமீட்டர். ரெண்டு பக்கமும்."

கஷ்டம் கோட்டில் இல்லை, மையில். இரவு கிருமிநாசினிச் சோப்பில் குளித்தால் பாதி போகும். மேசையில் படுக்க வைத்துத் துடைத்தால் மீதியும் போகும். அப்புறம் கத்தி வைப்பதெல்லாம் குத்துமதிப்புதான். ஏற்கெனவே இரண்டு மைகள் அவர் மானத்தை வாங்கியிருந்தன. இந்த மூன்றாவதும் கைவிட்டால் அழியாத மைக்கான ஆராய்ச்சியையே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் தலைமை மருத்துவர்.

"சோப்பை நல்லா தேய்ச்சுக் குளிங்க. அழியுமேன்னு பயப்படாதீங்க" என்று அனுப்பி வைத்தார்.

அவள் போனதும் நர்ஸ் தட்டைத் துழாவினாள். "புதுப் பேனாவைக் காணோமே டாக்டர்."

"இங்கதான் இருக்கும். தேடுங்க சிஸ்டர்."

மறுநாள் காலை அங்கியை விலக்கியதும் மருத்துவருக்கு முகமெல்லாம் பல். ஊதாக் கோடுகள் அப்போதுதான் வரைந்தவை போலப் பளிச்சென்று இருந்தன. நாடாவை வைத்தார். இந்தப் பக்கம் இருபத்திரண்டு; அந்தப் பக்கம் இருபத்திரண்டு. இம்மி பிசகவில்லை.

"சோப்பு போட்டீங்கல்ல?"

"ரெண்டு தடவை."

அவளிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தலைமை மருத்துவரை ஓடிப்போய் அழைத்து வந்தார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சாதிச்சுட்டீரய்யா. இனிமே எல்லாருக்கும் இந்த மைதான்."

அவள் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்து, ஊதாப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"என் துணியோட சுருண்டு வந்திருந்தது டாக்டர். குளிச்சதும் எல்லாம் சுத்தமா போயிடுச்சு, நான்தான் வரைஞ்சேன்."