கிராணி வீட்டு விளக்கு

"யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று போதகர் கேட்டதும், ஜெபக்கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத ராகேல் எழுந்து நின்றாள். அசாம் ஜாவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள்.

"மூணு மாசமா, விடியக்காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் குடுக்கப் போறப்பல்லாம் கிராணி ஐயா வீட்டு ஜன்னல்ல வெளக்கு எரியுது. புத்தகத்துமேல குனிஞ்சு ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருக்காரு. ஆபீஸ்காரரே ஆண்டவரோட இவ்வளவு நேரம் இருக்காரே, நமக்கென்ன வந்துச்சுன்னு நானும் அரைமணி முந்தி எந்திரிச்சு முழங்கால் போட்டேன். இப்பல்லாம் புருசன்மேல கோவமே வர மாட்டேங்குது லா."

எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தேவதாசன் மட்டும் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் ராகேல் அவரிடம் வந்தாள். "ஐயா, எந்தப் பாகம் படிக்கிறீங்க? நானும் அதையே படிக்கலாம்னு."

"சங்கீதம்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். கனவில் பாம்பு வந்தால் லாட்டரிக்கு எந்த நாலு நம்பர் எடுக்கலாம், பல் விழுந்தால் எந்த நாலு நம்பர் எடுக்கலாம் என்று படம் போட்ட புத்தகம், மூன்று மாதமாய்ப் புரட்டிப் புரட்டி அழுக்கேறிக் கிடந்தது. அதை அடுப்பில் போட்டார். வேதப்புத்தகம் எங்கே இருக்கிறதென்று மனைவியிடம் கேட்கவே கூசியது.

மறுநாள் நாலரைக்கு எழுந்தார். விளக்கை ஏற்றக் கை வரவில்லை. இருட்டிலேயே முழங்கால் போட்டார். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம் நின்றது.

"பாவம், ஐயா இன்னைக்கி அசந்து தூங்கிட்டாரு போல," என்று ராகேல் தன் புருஷனிடம் சொல்வது கேட்டது. "அவருக்கும் சேத்து நானே ஜெபம் பண்ணிக்கிறேன்."