தியேட்டர் வாசலில் காடு

மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பி வந்த சிங்கம் காட்டுக்குள் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, இங்க ஃபேன் கிடையாதா?” என்பதுதான்.

“காட்டுக்குள்ள ஏதுப்பா ஃபேன்? பேசாம நில்லு” என்றார் அசாருதீன்.

காடு என்றால் பெரிய காடெல்லாம் இல்லை. மதுரையில் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் நிறுத்தியிருந்த நாலு பிளாஸ்டிக் வாழைமரமும் ஓர் அட்டைப் பாறையும்தான். மிருகக்காட்சிசாலை மிருகங்கள் காட்டுக்குப் போய்த் திருதிருவென்று முழிக்கிற கார்ட்டூன் படம் அன்று ரிலீஸ். வருகிற பிள்ளைகளோடு போட்டோவுக்கு நிற்க தியேட்டர் மேனேஜர் அசாருதீன் பிடித்து வந்த சிங்கம்தான் சுருளி.

“ரெண்டே விசயம். தலையக் கழட்டக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. சிங்கம் மதுரைத் தமிழ் பேசுச்சுன்னா புள்ளைக பயப்படாதுக” என்றார் அசாருதீன்.

சுருளிக்கு அதில் வருத்தமே இல்லை. தலையைக் கழற்ற வேண்டாம் என்றதால்தான் இந்த வேலைக்கே ஒப்புக்கொண்டான். கப்பலூர் கம்பெனியில் வேலை போய் இரண்டு மாதமாகிறது. வீட்டில் மூச்சு விடவில்லை. தினமும் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, கம்பெனிக்குப் போகிற முகத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தான்.

மனைவி ஈஸ்வரியைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். அவளுடைய அப்பா சிவபாண்டியிடம்தான் அது நடக்காது. ரிட்டயர் ஆன பிறகும் தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு, தேய்த்த சட்டை கசங்காமல் போய்வருகிறவர் அவர். விடிந்த பிறகு ஆம்பளைக்கு வீட்டில் என்ன வேலை என்று கேட்கிற ரகம். மருமகனுக்கு வேலை போனது தெரிந்தால், மகளையும் பேரனையும் கையோடு கூட்டிப் போய்விடுவார். அந்தப் பயத்தில் சுருளிக்கு ராத்திரித் தூக்கமே போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளிருந்து ஒரு வரிக்குதிரை குனிந்து இறங்கியது. எங்கோ ஒரு கடைத் திறப்பு விழாவில் ஆடிவிட்டு, வேஷத்தைக் கலைக்காமல் அப்படியே வந்திருந்தது. பேசக் கூடாது என்பதால் சிங்கம் அதைப் பார்த்துக் கும்பிட்டது. வரிக்குதிரையும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றது.

பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தன் சிங்கத்தின் வாலைப் பிடித்து இழுத்தான். இன்னொருத்தி வரிக்குதிரையின் வாய்க்குள் பாப்கார்ன் திணித்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று படிக்கட்டில் ஈஸ்வரி வந்தாள். கையைப் பிடித்தபடி மகன் அஸ்வத், பின்னால் அவளுடைய அம்மா சோணையம்மாள்.

சிங்கத்தின் கண் ஓட்டை வழியாக சுருளி மாமனாரைத் தேடினான். நல்ல காலம், அவர் வரவில்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று வாழைமரத்துக்குப் பின்னால் பதுங்கப் போனான். அங்கே வரிக்குதிரை அவனுக்கு முன்பே போய்ப் பதுங்கியிருந்தது.

‘நேரம் காலம் தெரியாம ரெஸ்ட் எடுக்குறான் பாரு’ என்று சுருளிக்கு எரிச்சலாக வந்தது.

“யோவ் வரிக்குதிர, வெளிய வாய்யா. ஆளுக நிக்கிறாகள்ல” என்று அசாருதீன் அதன் காதைப் பிடித்து இழுத்து வந்தார்.

அஸ்வத் ஓடி வந்து சிங்கத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். பெற்ற பிள்ளையின் தலையைத் தடவ சுருளியின் கை தானாகப் போனது; சட்டென்று இழுத்துக்கொண்டான். சோணையம்மாள் சிங்கத்துக்கும் வரிக்குதிரைக்கும் நடுவில் வந்து நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

“ஏப்பா சிங்கம், இம்புட்டு வெக்கையில எப்படிப்பா நிக்கிற? வீட்டுல பொண்டாட்டி புள்ள இருக்கா?”

சிங்கம் தலையாட்டியது.

“பாவம்டி இதுக. நம்ம வீட்டு ஆம்பளைக எல்லாம் குடுத்து வச்சவுக. உன் புருசனும் சரி, உங்கப்பாவும் சரி, ஃபேனுக்கடியில உக்காந்து வேலை பாக்குறாக” என்றாள் மகளிடம்.

“போதும்மா, கேமராவப் பாரு” என்று ஈஸ்வரி போட்டோ எடுத்தாள். மணி அடித்தது. மூவரும் உள்ளே போனார்கள்.

காடு காலியானதும், மாடிப்படிக்குக் கீழே பாப்கார்ன் மூட்டை அடுக்கிய அறைக்குள் இரண்டு மிருகங்களும் நுழைந்தன. சுருளி தலையைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

“அண்ணே, இப்ப வந்தது எம் பொண்டாட்டி, புள்ள, மாமியா. கம்பெனில வேலை போயிருச்சுண்ணே, வீட்டுல யாருக்கும் தெரியாது. என் மாமனாரு மட்டும் கூட வந்திருந்தாருன்னா, நான் நிக்கிற நிலையப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பாரு. பொல்லாத மனுசன்ணே. அவருகிட்ட மாட்டுறதுக்கு நெச சிங்கத்துக்கிட்ட மாட்டிக்கிரலாம்.”

வரிக்குதிரை சுவரைப் பார்த்துத் திரும்பி, ஆடாமல் அசையாமல் நின்றது.

“நீங்களும் தலையக் கழட்டுங்கண்ணே. இங்க நம்ம ரெண்டு பேருதான்.”

மாட்டேன் என்று வரிக்குதிரை தலையை ஆட்டியது.

“மூச்சு முட்டி விழுந்துருவீகண்ணே” என்று சுருளியே எழுந்து போய், இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

உள்ளே வியர்வையில் ஊறியிருந்த முகம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது:

“மொதல்ல கதவைச் சாத்துங்க மாப்ள. உங்க அத்தை பாத்திறப் போறா.”